ஆறாம் பாகத்துக்கு ஓர் அலறல்

ஆறாம் பாகத்தை என் மனைவி டோரீனுக்குத் தெரியாமல் எடுத்துவிடுவது என்று மகத்தான தீர்மானம் ஒன்று எடுத்தேன். படத்தின் கதாநாயகியே அவள்தான் என்பது மட்டும் கொஞ்சம் இடித்தது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ‘மூடாத கதவு’ பேய்ப்பட வரிசையை எடுத்த எமெட் பார்லோ நான்தான். செத்துப்போனவர்கள் வீட்டில் கண்டெடுத்த வீடியோ என்று சொல்லி, தலை சுற்றும்படி ஆடுகிற கேமராவில் காட்டுவோமே, அந்த ரகம். செட் கிடையாது. பாட்டு கிடையாது. நடிகர்களுக்குச் சம்பளம்கூடக் கிடையாது, ஏனென்றால் நடிப்பது மனைவி. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ரெசீடாவில், எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் முதல் பாகத்தை எடுத்தேன். கடைசிக் காட்சியில் டோரீன் ஓர் அலறல் அலறினாள் பாருங்கள்! அடேயப்பா! தியேட்டரில் பாப்கார்ன் கூரைவரைக்கும் பறந்தது. அந்த அலறலில் வந்த பணத்தில்தான் பெர்னிஸை வாங்கினேன். பெர்னிஸ் என் கார். சிவப்பு நிறம், திறந்த கூரை, பழைய மாடல். என் பனியனால் நானே துடைப்பேன். டோரீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள், ஊரிலேயே நல்ல டிரைவர் என்று பெயர் வாங்கியவள். ஆனாலும் பெர்னிஸைத் தொட விடமாட்டேன்.

எங்கள் ரகப் படத்துக்குச் சட்டம் ஒன்று உண்டு. என்ன வந்தாலும் கேமராவைக் கீழே போடக் கூடாது. போட்டால் நீ செத்தாய் என்று அர்த்தம். அதை எவர் எடுக்கிறாரோ, அடுத்த பாகம் அவருடையது. ஐந்து பாகமும் இப்படித்தான் வளர்ந்தது. இரண்டாவதில் பேய் பக்கத்து வீட்டுக்குப் போனது. மூன்றாவது பேயின் குழந்தைப் பருவம். நான்காவதில் பேய் கல்லூரியில் சேர்ந்தது. ஐந்தாவதைத் தனிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். ஜனங்கள் அந்தக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள்.

தயாரிப்பாளர் லெஸ்டர் போன் செய்தார்.

“எமெட், ஆறு எடுக்கணும்னா எனக்கு ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, புதுசா ஏதாவது.”

“பகல் பேய்!” என்றேன். ராத்திரியை எல்லாம் ஐந்து பாகத்திலேயே தீர்த்துவிட்டோமே!

“அட, பிரமாதம்! ரெண்டாவது, அந்த அலறல். டோரீனோட நிஜ அலறல். அது இல்லேன்னா சோப்பு விளம்பரம் எடுக்கிறானே ஒருத்தன், அவன்கிட்ட படத்தைக் குடுத்துடுவேன்.”

என் கதவு! என் பேய்! சோப்புக்காரன் கையிலா? நேரே டோரீனிடம் ஓடினேன்.

“டோரீன் செல்லம், ஒரே ஒரு அலறல்...”

“முடியாது.”

“சின்னதா?”

“பஸ் முழுக்கப் பிள்ளைங்க தினமும் என் காதுல அலறுதுங்க. வீட்டுக்கு வந்து நான் வேற அலறணுமா? அது சரி, அன்னிக்கு நான் எதுக்கு அலறினேன்னாவது உனக்குத் தெரியுமா?”

“பேயைப் பார்த்து!”

“பேயா? பேய் வேஷத்துல நீதான நின்ன. எதைப் போட்டுக்கிட்டு நின்ன?”

“ஏதோ ஒரு வெள்ளை கவுன்...”

“ஏதோவா! எங்கம்மா கல்யாணத்துக்குப் போட்டது, அப்புறம் நான் போட்டது! அது மேல ரத்தம்னு ஒரு வாளி சிவப்புச் சோளப்பாகை ஊத்திக்கிட்டு இளிச்சிக்கிட்டு நின்ன. அதைப் பார்த்துத்தான் அலறினேன். பேயாம் பேய்! ஒரு கவுனை வீணாக்கிட்டேனேன்னு இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டிருப்பியா?”

“துணிதானே டோரீன்! அந்தத் துணிதான் நமக்கு இத்தனை நாள் சோறு போட்டுது!”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வையைப் படம் பிடிக்கத் தோன்றியதே தவிர, வேறு ஒன்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல் டப்பாவுக்குள் ஒரு கேமரா. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று. பிளாஸ்டிக் அன்னாசிக்குள் ஒன்று. சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்குள் நான். ஒரு கையில் கைக்கேமரா, மறு கையில் நூல்கள்.

டோரீன் வந்தாள். அலமாரி நூலைச் சுண்டினேன். கதவு கிரீச்சென்று தானாகத் திறந்தது. அவள் நிமிரக்கூட இல்லை. கையை நீட்டித் தட்டை எடுத்தாள். “ரொம்ப தேங்ஸ்” என்று சொல்லி முழங்கையால் கதவைச் சாத்தினாள்.

நாற்காலி நூலை இழுத்தேன். நாற்காலி தானாக நகர்ந்தது. அதில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

மேலேயிருந்து ஒரு கரண்டியை விழ வைத்தேன். அந்தரத்தில் பிடித்து, அதாலேயே ஜாம் எடுத்தாள். பிறகு சீரியல் டப்பாவைப் பார்த்துப் பேசினாள்.

“எமெட், லென்ஸ்ல தூசி. அப்புறம், சாமான் அறையில இருந்து வர்றப்ப ஒரு மாவு பாக்கெட் எடுத்துட்டு வா.”

மாவும் கையுமாக வெளியே வந்தேன்.

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“அஞ்சு படம் ஆச்சு! நான் இந்த வீட்டுல குளிக்கப் போனாக்கூட கேமரா எங்கே இருக்குன்னு பார்த்துட்டுத்தான் துண்டை மாட்டறேன். எமெட் ராய் பார்லோ!”

எங்கள் ஊரில் பெண்டாட்டி முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் விளையாட்டு முடிந்தது என்று பொருள்.

“இந்தச் சமையலறைக்குள்ள இன்னொரு நூலைப் பார்த்தேன், அவ்வளவுதான்!”

சமையலறைக்குள் என்றுதானே சொன்னாள்? ஆகா! ஜன்னலுக்கு வெளியே? எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பட்டப்பகலில் ஜன்னல் கண்ணாடியில் வெள்ளை உருவம்! பாத்திரம் கழுவுகிற நேரம்! சோப்புக்காரனால் இப்படி யோசிக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் எழுந்தேன்.

“தோட்டத்துல எலுமிச்சம்பழம் பறிச்சிட்டு வரேன்.”

“படுக்கை விரிப்போடயா?”

“வெயில்!”

“துடைப்பக்கட்டை?”

“உயரக் கிளை!”

“போயிட்டு வா” என்றாள், மிகவும் அன்பாக. அங்கேயே நான் உஷாராகி இருக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சைச் செடிக்குப் பின்னால் பதுங்கினேன். விரிப்பைத் துடைப்பக்கட்டையில் மாட்டினேன். கேமராவை ஓடவிட்டேன். சமையலறையில் யாரையும் காணோம். காத்திருந்தேன். எறும்பு கடித்தது. அதையும் படத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் கடகடவென்று சத்தம் கேட்டது. கேமராவோடு திரும்பினேன். கார் ஷெட்டின் கதவு தானாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து பின்பக்கமாக, மெதுவாக, பெர்னிஸ் வெளியே வந்தாள்.

டிரைவர் சீட்டில் ஆளே இல்லை!

எங்கள் வாசல் சரிவு. சரிவின் அடியில், தெரு விளிம்பில், தபால் பெட்டி வைத்த சிமெண்டுத் தூண். பெர்னிஸ் அதைக் குறிவைத்து உருண்டுகொண்டிருந்தாள். ஹாரன் பாம் பாம் என்று தானாக அடித்தது. வேகம் கூடியது!

அப்போது ஓர் அலறல் கேட்டது. ஐயோ, அப்படி ஓர் அலறலை நான் என் சினிமா வாழ்க்கையிலேயே கேட்டதில்லை! தெருநாய்கள் பதில் சொல்லின. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. யார் இவ்வளவு அற்புதமாக அலறுகிறார்கள் என்று பார்த்தால், என் வாய்தான் திறந்திருந்தது. கேமராவைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். விரிப்பு காலில் சுற்றியது. விழுந்தேன். உருண்டேன். “பெர்னிஸ்! பெர்னிஸ்!” என்று தவழ்ந்தேன்.

தூணுக்குச் சாண் தூரத்தில் வண்டி நின்றது. ஹேண்ட் பிரேக்கின் சத்தம் எனக்குச் சங்கீதமாகக் கேட்டது. நான் பம்பரைக் கட்டிப்பிடித்து, ஒரு கீறலாவது இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன்.

“எமெட்.”

“கீறல் இல்ல, கீறல் இல்ல, கடவுளே!”

“எமெட், கொஞ்சம் நிமிர்ந்து பாரு.”

சீட்டுக்கு முன்னால் குனிந்து பதுங்கியிருந்தவள் எழுந்து நின்றாள். டோரீன்! உடம்பில் அந்தக் கல்யாண கவுன். மேலிருந்து கீழ்வரை காய்ந்துபோன சிவப்புக் கறை. உச்சி வெயிலில் அசல் பேய்.

“பேய் எழுந்து நிக்குது. நீ பம்பரைத் தடவிக்கிட்டு இருக்க. இப்பப் புரியுதா, அன்னிக்கு நான் எதுக்கு அலறினேன்னு?”

புரிந்தது. நெஞ்சில் சுருக்கென்று தைக்கிற மாதிரிப் புரிந்தது.

“மன்னிச்சிடு டோரீன். அந்தக் கவுனுக்காக. நிஜமா.”

“நல்லது. இத்தனை பாகத்துக்கு அப்புறமாவது வந்துதே” என்றாள். கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நேரே எலுமிச்சைச் செடிக்குப் போனாள். வாசலைப் பார்த்தபடி புல்லில் கிடந்து இன்னும் ஓடிக்கொண்டிருந்த கேமராவைக் குனிந்து எடுத்தாள். என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“டோரீன், அதைக் குடு.”

“கீழ போட்டது யாரு?”

“நான்.”

“எடுத்தது யாரு?”

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். சட்டம் போட்டவனே நான்தானே!

லெஸ்டர் வீடியோவைப் பார்த்துவிட்டுப் போனிலேயே கத்தினார். “ஆளில்லாத கார்! பட்டப்பகல்! வண்டியில பேய் மணப்பெண்! அந்த அலறல், எமெட், அந்த அலறல்! டோரீனை எப்படிய்யா அப்படி அலற வச்ச?”

“அது டோரீன் இல்ல” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

எதிர்முனையில் நெடுநேரம் சிரிப்புச் சத்தம். பிறகு, “போனை டைரக்டர்கிட்ட குடு” என்றார்.

சோப்புக்காரனிடமிருந்து படம் தப்பியது. அந்தச் சந்தோஷத்தில் நான் உண்மையிலேயே துள்ளினேன். டோரீன் பெர்னிஸில் ஏறி உட்கார்ந்தபடி படப்பிடிப்புத் திட்டம் போடுகிறாள். கவுன் சலவைக்குப் போயிருக்கிறது. சமையலறையில் இனி ஒரு காட்சியும் கிடையாதாம். ஆறாம் பாகத்தில் என் வேஷம் எத்தனை நேரம் வரும் என்று பணிவாகக் கேட்டேன். முதல் காட்சியிலேயே அலறிவிட்டுச் செத்துப்போகிறேனாம். அதற்கப்புறம் சும்மாதானே இருப்பேன், அதனால் மொத்த யூனிட்டுக்கும் பகல் சாப்பாடு என் பொறுப்பாம்.