அசையாத இரண்டு டிகிரி

திரையில் மறுபடியும் 'தொடர்பு இல்லை' என்று வந்ததும் ஜஸ்டினுக்கு அக்கா சகாயராணியின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் தோட்டத்துப் பன்னீர் திராட்சை மொத்தமும் இந்தக் குளிர்பதனக் கிடங்குக்குள்தான் இருக்கிறது. தம்பி அங்கே வேலை செய்கிறான் என்ற ஒரே தைரியம்.

அறைக்குள் தொங்கும் சென்சார் ஒயர் அளக்கும் குளிரை வைத்துத்தான் கன்ட்ரோலர் கம்ப்ரஸரை ஓட்டும், நிறுத்தும். அந்த அளவு கம்ப்யூட்டரிலும் தெரிந்தால்தான் சரக்கை எடுப்பதாகச் சொல்லிவிட்டார் கம்பத்து வியாபாரி ஷானவாஸ். இப்போது வந்துகொண்டிருக்கிறார்.

"இன்னுமா பேசல அது?" என்றார் மேனேஜர் செல்வமணி. தன் விசிட்டிங் கார்டில் 'டெக்னிக்கல் டைரக்டர்' என்று தானே அச்சடித்துக்கொண்டவர்.

"கன்ட்ரோலரும் கம்ப்யூட்டரும் ஒரே வேகத்துல பேசணும் சார். பாட் ரேட்டு ஒம்பதாயிரத்து அறுநூறு. ரெண்டுலயும் அதான் வச்சிருக்கேன்."

"அது கட்டவண்டி வேகம்ப்பா. கூட்டு."

கூட்டினான். 'சாதனமே இல்லை' என்றது திரை.

"மொதல்ல பேசலன்னுச்சு. இப்ப ஆளே இல்லங்குது சார்."

"வேற என்ன இருக்கு?"

"பாரிட்டின்னு ஒரு சரிபார்ப்பு செட்டிங். ஆட், ஈவன், இல்ல ரெண்டுமே வேணாம்னு வைக்கலாம்."

"ஈவன் வை. நம்மகிட்ட எல்லாரும் சமம்."

அபாய மணி எல்லார் காதிலும் சமமாக அலறியது. அதை நிறுத்த ஜஸ்டின் ஒரு ஒயரைப் பிடுங்க, கம்ப்யூட்டர் அணைந்தது. மணி அணையவில்லை.

சுமை தூக்கும் இருதயம்மாள் எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் விற்கும் டேம் மீன், ஐஸ் பெட்டியோடு குளிர் அறையில்தான் இருக்கும். அதில் நல்ல மீன் செல்வமணி வீட்டுக்குப் போகும் என்பதால் அவர் ஒன்றும் சொல்வதில்லை.

"சார், ஒரு விசயம்..."

"போம்மா அங்கிட்டு. டெக்னிக்கலாப் பேசிக்கிட்டிருக்கோம்."

ஷானவாஸின் கார் வந்து நின்றது.

"வாங்க பாய். இது சோதனை ஓட்டம்," என்றார் செல்வமணி.

ஜஸ்டின் மணியை ஒருவழியாக நிறுத்தி, எல்லாவற்றையும் பழையபடி மாற்றினான். கடைசியாக, கம்ப்யூட்டர் கன்ட்ரோலரைக் கூப்பிடும் முகவரி எண்ணைப் பார்த்தான்.

"சார், ஒண்ணுன்னு வச்சிருந்தேன். ஒம்பதா இருக்கு."

"நாந்தான் மாத்துனேன். ஒம்பது என் ராசி எண்."

காலையிலிருந்து கம்ப்யூட்டர் ஒன்றாம் எண்ணைக் கூப்பிட, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒன்பது சும்மா இருந்திருக்கிறது. கம்ப்யூட்டரிலும் ஒன்பதைப் போட்டான். 2.0 என்று பச்சையில் வந்தது.

"பாத்தீகளா பாய்? முந்தாநாள்ல இருந்து கன்ட்ரோலர்லயும் இதே ரெண்டுதான். அசையாது. கம்ப்ரஸர் சத்தம் கேக்குதா? கேக்காது. கரண்டு மிச்சம். எல்லாம் நம்ம செட்டிங்."

ஷானவாஸ் லாரியை வரச் சொன்னார். ஜஸ்டின் அக்காவுக்குப் போன் போட்டு, சரக்கு போகிறது என்றான்.

"நெசமாவா சொல்ற?" என்றாள் அவள். பிறகு அழுகைதான் கேட்டது.

செல்வமணி சாவியோடு அறைக் கதவை நோக்கி நடந்தார். இருதயம்மாள் பின்னாலேயே வந்தாள்.

"சார், அந்தத் தொங்குற ஒயரை எங்க மீன் ஐஸ் பெட்டிக்குள்ள இருந்து எடுத்துறவா? குளிருல பெட்டி அடுக்க முடியல, ஐஸ்ல போட்டா மிசினு நின்னுரும்னு முந்தாநாளு நாந்தான் போட்டேன். அதுல இருந்து உள்ள வெதுவெதுன்னு நல்லாத்தான் இருக்கு."