கொக்கு நாலு, வாத்து பதினொன்று, தங்கச்சி ஒன்று

எதிர்க்கரையில் குடியிருக்கும் என் உடன்பிறந்த தங்கைக்கு, இக்கரையிலிருந்து உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், மகன், மருமகள், பேத்தி எல்லோரும் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமா என்று நான் கேட்க மாட்டேன். ஏனென்றால் நாம் பேசிக்கொள்வதில்லை. போன் செய்தால் அது பேச்சாகிவிடும். கடிதம் பேச்சில் சேராது என்று நானே யோசித்து முடிவு செய்து இதை எழுதுகிறேன்.

நிற்க. இது ஒரு புகார். தினமும் காலை ஏழு மணிக்கு ஆற்றோர நடைபாதையில் நீ நடந்து வந்து பச்சை பெஞ்சில் உட்காருவது உன் கரைப் பறவைகளுக்குப் பழகிவிட்டது. இப்போது பத்தொன்பது நாளாக உன்னைக் காணோம். அந்த பெஞ்சை ஒட்டி நிற்கிற நாரைக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒற்றைக் காலில் நின்று வழியையே பார்க்கிறது. வாயில்லா ஜீவனை இப்படித் தவிக்க விடலாமா? பழக்கம் காட்டினவள் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தலாமா?

நாம் ஏன் பேசுவதில்லை என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. போன மழைக்காலத் தொடக்கம். அப்போதெல்லாம் நீ பாலம் தாண்டி என் பக்கம் வருவாய், சேர்ந்து நடப்போம். ஆற்று நடுவில், வளைந்த மரத்துக்கு நேரே, கறுப்பாக ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நான் ஆமை என்றேன். நீ கல் என்றாய். அசையுதான்னு பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் அசையலை. "தூங்குது"ன்னேன். "கல்லுன்னா அப்படித்தான் தூங்கும்"னு நீ சொன்னே. அதோட விட்டிருக்கலாம். நடைபாதைக் காவல்காரரைப் பார்த்து, "அஞ்சாங்கிளாஸ் கண்ணுக்கு எல்லாம் ஆமைதாங்க"ன்னு சிரிச்சே பாரு, அவரும் சிரிச்சார். நான் எதுக்கு அஞ்சாவதோட நின்னேன்? நீ பொறந்தே. அம்மா வேலைக்குப் போகணும், உன்னைத் தூக்க ஆள் வேணும். புத்தகப்பை தொங்கின தோளிலே நீ தொங்கினே. இது ஒரு சுமைன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா? மறுநாளிலிருந்து நீ உன் கரையில் நடந்தாய். இனிப் பாலத்தை மிதிப்பதில்லை என்று நானும் சபதம் செய்தேன். அது ஆமைதான். போன மாதம்கூடக் கழுத்தை நீட்டியது. நான் பார்த்தேன்.

எப்படிப் பார்த்தேன் என்றால், பேத்தி முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு தூரக்கண்ணாடி வாங்கித் தந்தாள். அவளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஆபீசில் அவளுக்குத் தனி மேஜை, இழுப்பறைக்குச் சாவி. அந்தக் கண்ணாடி வந்ததிலிருந்து நான் பறவை தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. மழையில் நீர்க்காகம் கட்டையில் நின்று ரெக்கையை விரித்துக் காயப்போட்டது. உன் சிவப்புக் குடையில் ஒரு கம்பி முறிந்து ஒரு பக்கம் தொங்கியது, அதைச் சரி பண்ணக் கூடாதா, வலது தோள் முழுக்க நனையுது. பனிக்காலத்தில் எங்கிருந்தோ வாத்துக்கூட்டம் வந்து இறங்கியது. நீ உன் வீட்டுக்காரருடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாய், அவர் போய் எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் கையை மடிச்சுத் தைக்கலை, விரலே தெரியலை. ஒரு நாள் பேத்தி கூட வந்தாள்.

"பாட்டி, மீன்கொத்தி இந்தக் கிளையில உட்கார்ந்திருக்கு. நீங்க எங்கே பார்க்கறீங்க?"

"சத்தம் போடாதே, பறந்துடும்."

"எது? கோட்டு போட்டிருக்கே, அதுவா?"

வாய் நீளம், உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

பனி விட்டதும் ஒரு பெரிய வாத்து குஞ்சுகளோடு வந்தது. முதல் நாள் ஏழு, மறுநாள் ஆறு. நீ விரலை நீட்டி நீட்டி எண்ணுவது தெரிந்தது. நானும் எண்ணினேன். உனக்கும் ஆறுதான் வந்திருக்கும். அந்த ஏழாவது என்ன ஆச்சுன்னு நான் யார்கிட்ட போய்க் கேட்கிறது? வீட்டிலே சொன்னா "அப்படியா"ங்கிறாங்க. வெயில் வந்து தண்ணீர் வற்றினபோது உன் பெஞ்சுக்கு முன்னாலேயே நீர்நாய் ஒன்று சறுக்கி இறங்கியது. நீ சட்டென்று என் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினே. அப்புறம் தலைமுடியைக் கோதுகிற மாதிரி கையை மாத்திக்கிட்டே. நான் பார்க்கலைன்னு நினைச்சியா? நானும் கையைத் தூக்கிட்டேன்டீ. கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி மாத்திக்கிட்டேன்.

நடைபாதை முனையில் இருக்கிற குடிசையில், பார்த்ததை எழுதிவைக்க ஒரு நோட்டு போட்டிருக்கிறார்களே, அதில் நான் ஒரு நாள் தவறாமல் எழுதுகிறேன். போன வாரம் காவல்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். கொக்கு நாலு, வாத்து பதினொண்ணு சரி. தங்கச்சி ஒண்ணுன்னு வருஷம் பூரா எழுதியிருக்கீங்களே, அது என்ன பறவை?"

கை பழக்கத்தில் எழுதிவிட்டேன். அதைச் சொல்ல முடியுமா? "அது ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கும், சத்தம் ஜாஸ்தி"ன்னேன். அவர் பக்கத்தைத் திருப்பி, "இப்ப ரெண்டு வாரமா சைபர்னு போட்டிருக்கே, வலசை போயிடுச்சோ?" என்றார். நான் தூரக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தேன். பனி படிந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

உன் இடது கால் நீ வராமல் போவதற்கு முன்னாலேயே இழுத்துக்கொண்டிருந்தது. படியில் விழுந்தாயா? காய்ச்சலா? உன் மகன் வந்து தான் வேலை பார்க்கிற ஊருக்குக் கூட்டிப்போய்விட்டானா? அவனுக்கு போன் போடலாம், அடுத்த நிமிஷம் "பெரியம்மா கேட்டாங்க"ன்னு உன்னிடம் சொல்லிவிடுவான், என் மானம் போகும். ஆகவே நாளைக் காலை ஏழு மணிக்கு வந்து பெஞ்சில் உட்காரும்படி நாரையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். முடியாவிட்டால் சிவப்புக் குடையை மாடி ஜன்னலில் தொங்கவிடு. எனக்காக இல்லை, நாரைக்கு.

உன் வீட்டில் வேறு யாரும் இல்லாததால் யாரையும் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். உன்னைக் கேட்டதாக நீயே உனக்குச் சொல்லிக்கொள். நூறு வயது இரு. கடைசிவரை ஆமையைக் கல் என்றே சொல்லிக்கொண்டு இரு. நான் கேட்டுக்கொள்ளப் போவதில்லை.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா

பின்குறிப்பு: நாரைக்கு ஒன்றும் இல்லை, நன்றாக மீன் தின்கிறது. ஆற்று நடுவில் கிடப்பது கல்தான். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினபோது காவல்காரர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்து அனுப்புவதாக இருந்தேன், இன்று அவருக்கு லீவு. அதனால் பாலத்தை மிதித்து நானே கொண்டு வருகிறேன். நீ இதைப் படிக்கும்போது எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். தலையைத் தூக்காமல் கடைசிவரை படி, அப்போதுதான் பேசினதாக ஆகாது. படித்து முடித்ததும் முதல் வார்த்தை நீதான் பேச வேண்டும். நான் பெரியவள்.