கிளெமென்ட்டின் பின்னழகு

மனைவியின் ஊக்கத்தைத் தந்திரத்தால் மடக்க எண்ணும் கணவன்மாரே, டார்லிபரி ஊரின் கிளெமென்ட் பென்ஃபோல்டைச் சற்றே நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை, விக்டோரியா மகாராணி காலத்து உடைகளில் ஊர்வலம். அதே சனிக்கிழமை கிரிக்கெட் இறுதியாட்டம்; டிக்கெட் அவர் பையில் இருந்தது. மனைவி ஒட்டிலியின் பாவாடையில் பின்னால் தரையில் இழுபடும் வாலைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் நடப்பதில்லை என்று தேநீர்க் கோப்பையின்மீது கைவைத்து அவர் சபதம் பூண்டார்.

வழியும் கண்டார். ஒட்டிலி துணி வெட்டுவதற்கான மாதிரித் தாள்கள், அதாவது இரண்டு தையல் பேட்டர்ன்களைப் பரப்பி யோசித்துக்கொண்டிருந்தாள். ஒன்று எளிய பாவாடை. மற்றொன்று, பின்புறம் கம்பிக்கூடு கட்டி அதன்மேல் மடிப்பு மடிப்பாக இறங்குவது. அதன் தாள்களை விரித்தால் கூடத்தைத் தாண்டிச் சமையலறைவரை போகும்.

"இதுதாம்மா உனக்கு எடுப்பா இருக்கும்," என்று இரண்டாவதைத் தட்டினார்.

"ஐயோ, சனிக்கிழமைக்குள்ள எப்படிங்க முடியும்?"

"நீ முடிச்சுட்டீன்னா நானே மாட்டிக்கிட்டு ஊர்வலத்துல நடக்கிறேன், போ!"

ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்த அடுத்த வீட்டு மிஸஸ் டிரெஸ்காட், "என் காதுல விழுந்துச்சு கிளெமென்ட்!" என்றாள்.

"நல்லா விழட்டும்!"

வாய்ச்சவடாலுக்கு வரி கிடையாது. ஆண்குலம் அதில் இவ்வளவு தாராளமாக இருப்பது அதனால்தான்.

"அப்போ ஒரு உதவிங்க," என்றாள் ஒட்டிலி பணிவாக. "கூட்டைக் கட்டின பிறகுதான் பாவாடைக்கு அளவெடுக்கணும். என் முதுகுல நானே ஊசி குத்திக்க முடியாது. நீங்க கொஞ்சம் இதைக் கட்டிக்கிட்டு நில்லுங்களேன்."

அளவெடுக்கும் நேரமெல்லாம் தையல் தாமதமாகிறது என்று மகிழ்ந்தே நின்றார். மகிழ்ச்சியில் உட்காரப் போனார், கூடு விடவில்லை.

"என்ன கிளெமென்ட், சோபாவைப் பின்னாலயே கட்டிட்டீங்க?" ஜன்னலில் மிஸஸ் டிரெஸ்காட்.

"அவங்க கிடக்கிறாங்க. நீங்க தொப்பையை உள்ள இழுக்காதீங்க," என்றாள் ஒட்டிலி. "இயல்பா விடுங்க."

மனைவியின் உடைக்குத் தம் தொப்பை எதற்கு என்று அந்த அறிவாளி கேட்கவில்லை. அன்பர்களே, கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை உடை தயார். வாசலில் மிஸஸ் டிரெஸ்காட் தலைமையில் பாதித் தெரு.

"சரி, தோத்துட்டேன். போட்டுக்கோ, வாலைத் தூக்கிட்டு வர்றேன்," என்றார் கிளெமென்ட், பெருந்தன்மையாக.

"நானா? உங்க அளவுக்குத் தைச்சது எனக்கு எப்படிங்க நிக்கும்? நீங்கதானே நடக்கிறேன்னு சொன்னீங்க. வாலை மிஸஸ் டிரெஸ்காட் தூக்குவாங்க."

"அப்போ நீ?"

ஒட்டிலி அவருடைய வெயில் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கிரிக்கெட் டிக்கெட்டை இப்படிக் குடுங்க. வீணாப் போகக் கூடாதில்ல."