ஜெலாப்பாங் மோட்டார் சாமி

பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திறந்ததும் வந்த வாடை பெட்ரோல் வாடையாக இல்லை. பத்துமலை மூக்கை உள்ளே விடாத குறையாகக் குனிந்து இன்னொரு தரம் முகர்ந்தான்.

"டொமினிக், இங்க வா. இதை மோந்து பாரு."

டொமினிக் அந்த விஷயத்தில் அனுபவசாலி. ஒரே இழுப்பில் சொல்லிவிட்டான். "ஸ்டவுட் பீரு மச்சான். சந்தேகமே இல்ல. ஆனா ரொம்ப நாளானது."

"மோட்டார் சைக்கிள் டாங்கில ஸ்டவுட் எப்படிடா வரும்?"

"வெள்ளக்காரத் தொரை ஓட்டுன வண்டிலா. தான் குடிச்சதை அதுக்கும் ஊத்தியிருப்பான்."

பத்துமலைக்கு வயது முப்பத்தாறு. ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கில் ஆணி செய்யும் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறான். டொமினிக் அதே இடத்தில் லாரி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பத்துமலை, சேற்றிலும் மேட்டிலும் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டும் மோட்டோகிராஸ் வீரன். வீரன் என்று சொல்வது அவன் மட்டும்தான். இதுவரை எட்டுப் பந்தயங்களில் இறங்கியிருக்கிறான். ஒன்றைக்கூட ஓட்டி முடித்ததில்லை. சேற்றில் புதைந்தது, சங்கிலி அறுந்தது, ஒருமுறை எருமை குறுக்கே வந்து நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது. இப்படி எட்டுக்கும் எட்டுக் காரணங்கள் வைத்திருந்தான்.

போன மாதம் அவன் மனைவி நவமணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"எட்டு ரேஸு! ஒரு தடவையாச்சும் கொடிகிட்ட வண்டியில உக்காந்து வந்தீங்களா? தள்ளிக்கிட்டுதானே வந்தீங்க! இன்னும் ஒரே ஒரு ரேஸு. முழுசா ஓட்டி முடிங்க, நான் வாயத் தொறக்கமாட்டேன். இல்லன்னா பின்னால இருக்கிற கொட்டாய்ல ஒரு ஸ்குரூ இருக்கக்கூடாது. நான் கோழி வளக்கப் போறேன்."

பத்துமலைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கொட்டகையும் எண்ணெய்க் கையும் போய்விட்டால் அவனுக்கு வாரத்தில் ஏழு நாளும் ஆணிதான். அந்த நேரத்தில்தான் பத்து காஜா ஊர்ப்பக்கம், ஈயம் தோண்டிய பழைய சுரங்கமான லம்பத்து மணல்மேட்டில் ஒரு புதுப் பந்தயம் என்று செய்தி வந்தது. இருபது வருடத்துக்கு மேல் வயதான வண்டிகள் மட்டும் ஓடலாம். எண்பத்து நாலாம் வருடத்தில் அப்படி வண்டி வைத்திருந்தவர்கள் பேராக் மாநிலத்திலேயே ஏழோ எட்டோ பேர். பறக்கவேண்டாம், ஜெயிக்கவேண்டாம், நிற்காமல் ஆறு சுற்று சுற்றினால் போதும்.

வண்டியை டொமினிக்தான் கொண்டுவந்தான். சுங்காய்ப் பக்கம் லோடு இறக்கப் போனபோது, செம்பனை எண்ணெய் மரத்துக்கு மாறிப்போன ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், மரத்தடித் தகரக் கூரையின் கீழே அது நின்றிருக்கிறது. அகலமான கைப்பிடி, உயர்ந்த புகைக்குழாய். மேடுபள்ளத்தில் ஓட்டுகிற அசல் ஸ்க்ராம்ப்ளர் வண்டி.

"யாரையாச்சும் கேட்டியாடா?" என்றான் பத்துமலை.

"யாரைக் கேக்கிறது? ஆளுங்க இருந்த லயத்து வீட்டுல கூரையே இல்ல. ரெண்டு கொரங்கு இருந்திச்சு. அதுங்ககிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

இஞ்சினைக் கண்டால் பத்துமலைக்கு மற்ற புலன்கள் வேலை செய்வதில்லை. அன்று சனிக்கிழமை. பந்தயத்துக்கு எட்டு நாள். ரப்பர்ப் பால் உறையவைக்கும் திராவகத்தில் தண்ணீர் கலந்து டாங்கியைத் தேய்த்தான். ரத்தச் சிவப்பில் ஓடியது. "துரு இவ்வளவு செவப்பாவா இருக்கும்?" என்று யோசித்தான். சிவப்புக்கு அடியில் மஞ்சள் வந்தது. மஞ்சளில் சந்தன வாசம் அடித்தது.

"பெயின்ட்டுல சந்தனம் கலந்திருக்கான் பாரு! இங்கிலீஷ்காரன் இங்கிலீஷ்காரன்தான்!"

புகைக்குழாயிலிருந்து ஏழு சுருட்டுத் துண்டுகள் விழுந்தன. சத்தத்தை அமுக்குவதற்காக இருக்கும் என்று முடிவு செய்தான். பிரேக் கைப்பிடியில் கம்பியால் கட்டியிருந்த காய்ந்த எலுமிச்சம்பழம் மட்டும் பிடிபடவில்லை. கிரீஸ் கிடைக்காத காலத்து ஏற்பாடோ என்னவோ. எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் படம் போட்டு எழுதி வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை சாயந்திரம் இஞ்சின் உயிர் பெற்றது. சத்தம் கேட்டுத் துணி எடுக்க வந்த நவமணி, தரையில் வரிசையாக வைத்திருந்த சாமான்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"என்னாங்க இதெல்லாம்?"

"வண்டியிலேருந்து வந்திச்சு. இது சைலன்சர்ல. இது பிரேக்குல. டாங்கில ஸ்டவுட்டு. அந்தத் துணியில இருக்கிறது டாங்கிய தேச்சப்ப வந்த துரு."

"சுருட்டு. எலுமிச்சம்பழம். குங்குமம். ஸ்டவுட்டு." நவமணி ஒவ்வொன்றாக விரல் மடக்கினாள். "அட கடவுளே! உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? முனியாண்டி வண்டியத் தூக்கிட்டு வந்திருக்கீங்க!"

பத்துமலைக்குக் கையிலிருந்த ஸ்பானர் நழுவியது. தோட்டத்து எல்லையில் காவல் நிற்கிற முனியாண்டிக்குக் குதிரை வைப்பார்கள். குதிரைக்குப் பதில் மோட்டார் வைத்த தோட்டமும் இருக்கக்கூடாதா என்ன?

"அடேய் டொமினிக்!"

"எனக்கு என்னா தெரியும்? நான் மாதா கோயிலுக்குப் போறவன். நாலு கம்பம், ஒரு தகரம். ஸ்டோருன்னு நெனச்சேன்லா."

"இப்பவே கொண்டுபோய் வச்சிட்டு வாங்க," என்றாள் நவமணி.

பத்துமலை இஞ்சினைப் பார்த்தான். பிறகு கோழிக்கூடு வரப்போகும் மூலையைப் பார்த்தான். "நவமணி, ஞாயித்துக்கெழம வரைக்கும்தான். ஓட்டி முடிச்ச கையோட நானே கொண்டுபோய் நிறுத்தி, விழுந்து கும்பிட்டு வாரேன். என் வாழ்க்கையில ஒரு ரேஸாச்சும் முடிக்கணும்லா."

நவமணிக்கும் பாவமாகத்தான் இருந்தது. "சரி. ஆனா அதுவரைக்கும் சாமிக்கு ஒரு கொறையும் இருக்கக்கூடாது. கழுவினதையெல்லாம் திரும்ப வைங்க."

வைத்தான். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் அதனதன் இடத்தில். மறுநாள் இஞ்சினைக் கிளப்பியபோது குங்குமம் காற்றுக்குழாய் வழியாக கார்பரேட்டருக்குள் போய், வண்டி நாலு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. சரி, தூசி போகாமல் மஞ்சள் துணியால் மூடிவைப்போம் என்று மூடினான். மூடியதும் அது வண்டி மாதிரி இல்லை, மூலஸ்தானம் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வீட்டு மங்களம் அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, யாரு சாமி?"

"முனியாண்டிக்கா. வெளிய சொல்லிடாதீங்க."

மங்களத்திடம் எதையும் பரப்பவேண்டும் என்றால் அப்படித்தான் சொல்லவேண்டும். சாயந்திரத்துக்குள் அந்த வரிசை வீடுகள் முழுக்கச் செய்தி போய், பத்துப் பேர் தேங்காயோடு வந்துவிட்டார்கள்.

புதன்கிழமை கார்பரேட்டரைக் கழற்றிப் பெட்ரோல் ஊற்றிக் கழுவினான். சுற்றி நின்ற பெண்கள், "அபிஷேகம்! அபிஷேகம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒரு பெண் கற்பூரத்தட்டோடு முன்னால் வந்தாள்.

"அய்யோ, அணைங்க! அணைங்க! எல்லாரும் செத்தோம்!" என்று பத்துமலை கையையும் காலையும் உதறிக்கொண்டு அலறினான்.

மங்களம் அக்கா மெதுவாக அவன் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டாள். "சாமி இறங்கிடுச்சு. என்னா வேணும்னு கேளுங்க."

அன்றிலிருந்து பத்துமலை வாயைத் திறந்தாலே வாக்கு. மூலைக்கடை முதலாளி, சீனத் தவுக்கே, ஊதுவத்திக் கட்டோடு வந்தார்.

"பத்துமலே, உங்க டத்தோ சாமி லாட்டரிக்கு நாலு நம்பர் குடுக்குமா?"

எரிச்சலில் பத்துமலை கத்தினான். "நம்பரும் இல்ல கிம்பரும் இல்ல! இஞ்சின் நம்பர்தான் இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க தவுக்கே!"

தவுக்கே கடைசி நாலு எண்ணைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டு போனார். அன்றைய குலுக்கலில் அதற்கு ஆறுதல் பரிசு விழுந்துவிட்டது. பிறகு சொல்லவேண்டுமா? வெள்ளிக்கிழமை ஈப்போவிலிருந்து டாக்சி பிடித்துக்கொண்டு வந்தார்கள். செயின் இறுக்கலாம் என்று குனிந்தால் சக்கரத்தில் மாலை. மாலையை எடுத்தால் அதட்டல். சொந்தக் கொட்டகைக்குள் போகப் பத்துமலை வரிசையில் நின்றான்.

அது போதாதென்று புதன்கிழமையே மங்களம் அக்கா விரதமும் விதித்துவிட்டாள். ஐந்து நாள் மீன் இல்லை, கறி இல்லை, பாயில்தான் படுக்கை. "சாமி வாகனத்துல செருப்புக் காலோடயா ஏறுவீங்க? பூட்ஸும் கெடையாது!"

"பூட்ஸு இல்லாம ஓட்ட விடமாட்டாங்கக்கா!"

ஒரு மணிநேரம் வாதாடிய பிறகு பூட்ஸுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து அனுமதி கொடுத்தாள்.

டொமினிக் மட்டும் குறையே இல்லாமல் இருந்தான். வந்த தேங்காய்மூடிகளில் பாதி அவன் வீட்டுக்குத்தான் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை லாரியில் ஏற்றும்போது, "சாமி ஊர்வலம் போகுது!" என்று கிளம்பிவிட்டார்கள். மேளம் முன்னால், லாரி நடுவில், பின்னால் இரண்டு பேருந்து. பத்து காஜா மணல்மேட்டில் மற்றவர்கள் ஒவ்வொரு வண்டியாக வந்து இறங்கினார்கள். பத்துமலையின் வண்டிக்குத் தேர் இறங்குகிற மாதிரி வழிவிட்டார்கள். பந்தய அதிகாரி பேனாவைக் காதில் சொருகியபடி மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இது எல்லாம் கழட்ட முடியாதா?"

"கழட்டினா இவங்க என்னைக் கழட்டிடுவாங்க சார்," என்றான் பத்துமலை.

கொடி அசைந்தது. எட்டு வண்டிகள் மணலைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன. ஏழு வண்டிகள் முன்னால் போயின. பத்துமலை கடைசியில் போனான், ஆனால் போனான். முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது முடிந்தது. இஞ்சின் தடதடவென்று பாடியது. அவனுக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது. இன்னும் நாலே சுற்று.

மூன்றாவது சுற்றில்தான் அந்தக் கிழவியைப் பார்த்தான். கயிற்றோரம் முண்டியடித்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் சொருகி, இரண்டு கையையும் தலைக்குமேல் வீசி அவனைப் பார்த்துக் கத்தினாள்.

"நிறுத்துடா! டேய், வண்டிய நிறுத்துடா! சுங்காயிலேருந்து வாரேன்டா!"

சுங்காய் என்ற சொல் காதில் விழுந்ததும் பத்துமலைக்கு விளங்கிவிட்டது. கோயில்காரி வந்துவிட்டாள்! நிறுத்தினால் இத்தனை கூட்டத்துக்கு முன்னால் சாமி திருடன். நிறுத்தினால் கோழிக்கூடும். பயத்தில் அவன் முறுக்கிய முறுக்கில் வண்டி இரண்டு பேரைத் தாண்டிவிட்டது.

நாலாவது சுற்றில் கிழவி கயிற்றைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்தாள். ஜெலாப்பாங் கூட்டம் சும்மா இருக்குமா? "ஆத்தாவுக்கு அருள் வந்திடுச்சு!" என்று நாலு பேர் தாங்கிப் பிடித்தார்கள். மங்களம் அக்கா நெற்றி நிறையத் திருநீறு பூசினாள்.

"அருளும் இல்ல ஒண்ணும் இல்ல, விடுங்கடி!" என்று கிழவி திமிறினாள்.

"உக்கிரமா இருக்கு! வேப்பிலை கொண்டாங்க!"

ஐந்தாவது சுற்றில் அவள் மாலையோடு ஒரு நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்தாள். முன்னால் வரிசை நின்றது. தவுக்கே நோட்டும் பேனாவுமாக முதல் ஆளாக நின்றார். பத்துமலை அந்தப் பக்கம் திரும்பாமல் தலையைக் குனிந்துகொண்டு பறந்தான்.

ஆறாவது சுற்றும் முடிந்தது. கொடி அசைந்தபோது பத்துமலை வண்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். தள்ளவில்லை, விழவில்லை. எட்டுப் பேரில் ஆறாவது. நவமணி ஓடிவந்து அவன் புழுதிக் கையைப் பிடித்துக்கொண்டு, "உக்காந்தே வந்துட்டீங்க!" என்று அழுதுவிட்டாள். கோழிக்கூடு போனது, கொட்டகை பிழைத்தது.

அதற்குள் கிழவி மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, வேப்பிலை ஒட்டிய தலையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

பத்துமலை ஹெல்மெட்டோடு தடாலென்று அவள் காலில் விழுந்தான். "அம்மா, மன்னிச்சிடுங்க! சாமி வண்டின்னு தெரியாம எடுத்திட்டோம். இன்னைக்கே கோயில்ல கொண்டாந்து நிறுத்திடுறேன். கெடா வெட்டுறேன், மொட்டை போடுறேன்!"

"எந்தக் கோயில்ல?" என்றாள் கிழவி.

"முனியாண்டி கோயில்ல... நீங்க பூசாரி வீட்டம்மாதானே?"

"நான் இருளாயி. அது என் வீட்டுக்காரரு வண்டி. தொரை சீமைக்குப் போறப்ப அவருக்குக் குடுத்திட்டுப் போனது. லயத்தை விட்டு டவுனு வீட்டுக்கு வந்தப்ப வைக்க எடமில்லாம அங்கேயே நிறுத்தினேன். மோட்டார் சாமின்னு பேச்சு எங்க பக்கம் வந்ததும் நம்ம வண்டியான்னு பாக்க ஓடியாந்தேன்."

"அப்ப அந்தக் குங்குமம், எலுமிச்சம்பழம்?" என்று பத்துமலை எழுந்திருக்காமலே கேட்டான்.

கிழவி அவன் பின்னால் தேங்காய்ச்சில் மென்றுகொண்டிருந்த டொமினிக்கை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் கழுத்தில் சிலுவை தொங்கியது.

"எவனும் தூக்கிட்டுப் போயிடக்கூடாதேன்னு நாந்தான்யா குங்குமத்தப் பூசி, பழத்தக் கட்டி வச்சேன்! பதினாலு வருசமா ஒரு களவாணிப் பயலும் கிட்ட வரல, போறவன் வாரவனெல்லாம் சுருட்டும் ஸ்டவுட்டும் வச்சிக் கும்பிட்டுட்டுல்ல போனான்... வேதக்காரன் ஒருத்தன் லாரியோட வருவான்னு நான் என்னா கனவா கண்டேன்?"