இடது பக்கம் ஸ்டீரிங், வலது பக்கம் சம்பந்தி

பெருமையடித்துக்கொள்ளச் சொந்தமாக ஒன்றும் இல்லாதவர்கள், அடுத்தவர் பொருளை வைத்துப் பெருமையடிப்பது உலக வழக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இருபத்து மூன்று வயதில், நான் அடித்துக்கொண்ட பெருமை முழுக்க முழுக்க ஜப்பான்காரர்களுக்குச் சொந்தமானது.

என் சித்தப்பா பல வருடம் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, கப்பலில் ஒரு வெள்ளைக் காரையும் கொண்டுவந்து சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். கம்பெனிப் பெயரை எழுதினால் விளம்பரம் போல ஆகிவிடும். ஜப்பான் கார் என்றதும் உங்களுக்கு முதலில் எந்தப் பெயர் நினைவுக்கு வருகிறதோ, அதுவே என்று வைத்துக்கொள்ளுங்கள். அரபு நாட்டு வண்டி என்பதால் ஸ்டீரிங் இடது பக்கம் இருந்தது.

அந்தக் கம்பெனியைப் பற்றி ஒரு வழவழப்பான ஆங்கிலப் புத்தகமும் காரோடு வந்திருந்தது. சித்தப்பா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் அதை மனப்பாடம் செய்தேன். (பி.காம். பரீட்சைக்கு இதில் பாதி படித்திருந்தால் முதல் வகுப்பில் தேறியிருப்பேன்.) அந்தக் குடும்பம் முதலில் கார் செய்யவில்லை, தறி செய்தது, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறி, பிறகு அதே குணத்தைக் கார் தொழிற்சாலைக்கும் கொண்டுபோனார்கள், எங்கேயாவது ஒரு தப்பு தெரிந்தால் சாதாரணத் தொழிலாளிகூட ஒரு கயிற்றை இழுத்து மொத்த வேலையையும் நிறுத்தலாம். அதனால்தான் பாலைவனத்தில் ஒட்டகம் படுத்தாலும் இந்த வண்டி படுக்காது. பால்காரர், தபால்காரர், பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று யார் அகப்பட்டாலும் இதைச் சொன்னேன். எங்கள் தெருவில் ஜனங்கள் வேகமாக நடக்கப் பழகியது அந்த வருடத்தில்தான்.

பேச்சைக் கேட்டுச் சலித்துப்போயோ என்னவோ, சித்தப்பா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஏரிக்கரை ஓரம் மனை போட்டுக் கல் நட்டிருந்த காலி இடத்தில் ஐந்து மாதம், தினமும் காலையில். நான் சாய்த்த எல்லைக் கற்கள் ஒன்றிரண்டு அல்ல. சித்தப்பா ஒருநாள்கூடக் குரலை உயர்த்தவில்லை. இறங்கிப் போய்க் கல்லை நிமிர்த்தி நட்டுவிட்டு, "ம், இன்னொரு தடவை" என்பார். லைசென்ஸும் வாங்கிவிட்டேன். அப்பாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ளைக்குக் கார் எதுக்கு? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க என்ன நெனைப்பாங்க?" என்பது அவருடைய ஒரே கேள்வி.

பெண் பார்க்க வந்தார்கள், ஆனால் அக்கா வசந்தியை. திருச்சிப் பக்கம். மாப்பிள்ளையின் அப்பா ராமலிங்கம் மாமா, ரயில்வேயில் கார்டு. ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டுவாரே, அவர். அதிகம் பேசாத, மீசை அடர்ந்த மனிதர். அவரைப் பார்த்தாலே அப்பாவுக்கு உள்ளங்கை வியர்க்கும்.

கல்யாணம் கூடுவாஞ்சேரி மண்டபத்தில். ஒன்பதரைக்குள் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் முதல்நாள் மாலையே வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். மாமாவுக்கு மட்டும் டூட்டியை மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு அப்படியே காலையில் தாம்பரத்தில் வந்து இறங்குகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா உடனே, "எங்க வீட்டு ஜப்பான் கார்ல வந்து அழைச்சுக்கிறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். (பெருமையடிக்கும் வியாதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.)

அன்று காலை ஆறு மணிக்குச் சமையற்கட்டு வாசலில் வாழைத்தண்டு வழுக்கி, சித்தப்பா இடது கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டார். கணுக்கால் கத்தரிக்காய் போல வீங்கிவிட்டது. கிளட்சை மிதிக்க வேண்டிய கால். முகூர்த்த நாள், டாக்சி ஒன்றும் கிடைக்கவில்லை.

"சுமதி போகட்டும்ணா" என்றார் சித்தப்பா.

அப்பா மண்டபத்துக் கூரையைப் பார்த்தார். அங்கே வேறு டிரைவர் யாரும் தொங்கவில்லை. "சரி, மெதுவாப் போ" என்றார். நான் பட்டுப்புடவையோடு ஓடினேன். கைப்பையை மணமகள் அறையிலேயே வைத்துவிட்டேன். பைக்குள் லைசென்ஸ்.

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ராமலிங்கம் மாமா கசங்கிய வெள்ளைச் சீருடையோடு, கையில் ஒரு பெட்டியோடு நின்றிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், டிரைவரைத் தேடினார்.

"நான்தான் மாமா ஓட்டப் போறேன்."

"அப்படியா? நல்லது" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த 'நல்லது'க்காக அங்கேயே அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். சம்பந்தியைப் பின்னால் உட்காரவைப்பது மரியாதை இல்லை என்று முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தவர், எதிரே ஸ்டீரிங் இல்லாததைப் பார்த்துத் திகைத்தார். விளக்கினேன். விளக்கம் அங்கே நின்றிருக்கலாம். நூல் அறுந்தால் நிற்கும் தறியில் ஆரம்பித்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறுவதற்குள் தொழிற்சாலைக் கயிறு வரைக்கும் போய்விட்டேன். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டிருந்தேன். உள்ளே என் குரலைத் தவிர வேறு சத்தமே இல்லை.

இரும்புலியூர் தாண்டியதும் எதிரில் வந்த லாரிக்காரர் நீளமாக ஹாரன் அடித்து, கையைக் காட்டினார். எனக்கு ஒரே சந்தோஷம். இப்படி ஒரு கார் இந்தச் சாலையில் தினமுமா வருகிறது! நானும் கையை அசைத்தேன். அடுத்து ஒரு பஸ். டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி ஏதோ கத்தினார். அவருக்கும் கையசைத்தேன். பெருங்களத்தூரில் டீக்கடை வாசலில் நின்ற ஒரு கூட்டமே இரண்டு கையையும் தூக்கிக் குதித்தது. தேர்தலில் ஜெயித்த வேட்பாளர் போல அவர்களைப் பார்த்து ஒற்றைக் கையால் ஒரு கும்பிடு போட்டேன். ஒரு ஸ்கூட்டர்காரர் எங்களோடு கூடவே வந்து, வலது பக்கக் கண்ணாடியைத் தட்டப் பார்த்துவிட்டு, எங்களை முந்திக்கொண்டு பறந்தார்.

"பாத்தீங்களா மாமா, ஜப்பான் கார்னா என்ன மதிப்புன்னு!" என்று திரும்பினேன்.

மாமா தலையைப் பின்னால் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை என்பதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களின் கண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? காரில் டிரைவர் உட்காரும் வலது பக்கத்தில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்து தூங்குகிறார். பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பைத்தியம் ஊருக்கெல்லாம் கையசைக்கிறது. கார் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

வண்டலூர் முனையில் ஒரு போலீஸ்காரர் சாலை நடுவில் நின்று, விசிலை ஊதிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினார். பக்கத்தில் அந்த ஸ்கூட்டர்காரர். நான் ஓரம் கட்டினேன். போலீஸ்காரர் வலது பக்கமாக ஓடிவந்து, கண்ணாடியோடு வாயை ஒட்டிக்கொண்டு இன்னொரு முறை விசில் அடித்தார்.

இருபத்தாறு வருடம் ரயிலில் கார்டாக இருந்தவரின் காதில் விசில் விழுந்தால் என்ன நடக்கும்? ராமலிங்கம் மாமா கண்ணைத் திறக்காமலேயே சட்டைப் பையிலிருந்து தன் விசிலை எடுத்து, பதிலுக்கு நீளமாக ஊதினார்.

"இன்னா சார், நக்கலா?" போலீஸ்காரர் கதவைத் திறந்துவிட்டார். "வண்டி ஓட்டிக்கினே தூங்கறே, கேட்டா விசில் அடிக்கிறே! எறங்கு கீழ. லைசென்ஸ் எடு."

மாமா இறங்கினார். பாதித் தூக்கம் இன்னும் கலையவில்லை. "எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுங்களே" என்றார்.

அதற்குள் சேர்ந்திருந்த கூட்டம் மொத்தமாக மூச்சை இழுத்தது.

"ஓட்டத் தெரியாதா? அப்ப தாம்பரத்துலருந்து இங்க வரைக்கும் எப்டி வந்தே?"

"தூங்கிக்கிட்டே வந்துட்டேன்."

மனிதர் பொய்யே பேசாதவர். நான் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி ஓடினேன். "சார், சார், நான்தான் சார் ஓட்டினேன்!"

"நீ கம்முனு இரும்மா. அப்பாவைக் காப்பாத்தப் பாக்காத."

"அவர் எங்க அப்பா இல்ல சார்."

நிலைமை இன்னும் மோசமானது. அதற்குள் கூட்டத்தில் ஒருவர் வலது பக்கக் கதவுக்குள் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு, "யோவ், இந்த வண்டில ஸ்டீரிங்கே இல்லய்யா!" என்று கத்தினார். இன்னொருவர் நிதானமாகச் சொன்னார்: "ஜப்பான் வண்டிப்பா. அவன் செஞ்சாலும் செய்வான். தானா ஓடும்."

இரண்டு பேர் தலையாட்டி ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கம்பெனியின் மேல் அந்தக் காலத்தில் மக்களுக்கு இருந்த நம்பிக்கைக்கு அதைவிட நல்ல சாட்சி அந்த வழவழப்புப் புத்தகத்தில்கூட இல்லை. நான் போலீஸ்காரரை இடது பக்கம் அழைத்துப்போய் ஸ்டீரிங்கைக் காட்டினேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரி. உன் லைசென்ஸைக் காட்டு."

பை மண்டபத்தில். மணி எட்டரை. லைசென்ஸ் இல்லாமல் விட முடியாது, ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா மணவறையில் காத்திருப்பாள், மாப்பிள்ளையின் அப்பா நடுரோட்டில். அத்தனைக்கும் காரணம் நான்.

வண்டலூர் ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கூடுவாஞ்சேரி இரண்டே ஸ்டேஷன். "மாமா, நீங்க எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சுப் போயிடுங்க. நேரத்துக்குப் போயிடலாம்" என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி நேரமெல்லாம் அவருக்கு அத்துப்படி. "எட்டு நாப்பதுக்கு ஒண்ணு இருக்கு" என்றார். பிறகு பெட்டியைக் காரின் மேல் வைத்தார். "பொண்ணை இங்க விட்டுட்டு நான் மட்டும் போய் மாலை போட்டுக்கிட்டு உக்கார்றதா? போம்மா." போலீஸ்காரரிடம் திரும்பினார். "ஐயா, இன்னிக்கு என் மகனுக்குக் கல்யாணம். இவ பொண்ணோட தங்கச்சி. லைசென்ஸ் மண்டபத்துல இருக்கு. நீங்களும் கூடவே வந்து பாத்துக்குங்க. அப்படியே சாப்பிட்டுட்டு வரலாம்."

போலீஸ்காரர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். நல்ல மனிதர். தன் சைக்கிளைப் பக்கத்து டீக்கடையில் ஒப்படைத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறினார். ஒரே ஒரு நிபந்தனை: "பெரியவரே, நீ மட்டும் தூங்கக் கூடாது. ரோட்டுல போறவனுக்கு உயிர் போவுது."

அப்போதுதான் எனக்கு லாரிக்காரரும் பஸ் டிரைவரும் டீக்கடைக் கூட்டமும் எதற்குக் கத்தினார்கள் என்பது உறைத்தது. முகம் தெரியாத இரண்டு உயிரைக் காப்பாற்ற அத்தனை பேர் தவித்திருக்கிறார்கள். நான் கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஒன்பது மணிக்கு மண்டப வாசலில் போய் நின்றோம். நாதஸ்வரக்காரர்கள் வாசித்தபடியே வந்தார்கள். முதலில் மாமா இறங்கினார். அவருக்குப் பின்னாலேயே போலீஸ்காரர் இறங்கினார். நாதஸ்வரம் நடுவில் கீச்சிட்டு நின்றது. தவில்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு தட்டு தட்டினார்.

அந்த நாளில் வரதட்சணைக் கேஸ் என்று பேப்பரில் தினம் ஒரு செய்தி வரும். வாசலில் தொடங்கிய கிசுகிசு சமையற்கட்டுக்குப் போய்ச் சேர அரை நிமிடம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவைப் போலீஸ் பிடித்துவிட்டது! பெண் வீட்டாரே புகார் கொடுத்துவிட்டார்கள்! மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். மணமகள் அறைக் கதவைத் திறந்துகொண்டு, பாதிப் பூ வைத்த தலையோடு அக்கா வெளியே ஓடிவந்தாள். "எங்க மாமா எதுவுமே கேக்கல சார்! அவரை விட்டுடுங்க!" என்று போலீஸ்காரரைக் கும்பிட்டாள். போலீஸ்காரர் பயந்துபோய் அவளைத் திருப்பிக் கும்பிட்டார்.

நான் நடந்ததையெல்லாம் உளறி முடித்து, பையைத் தேடி எடுத்து, லைசென்ஸைக் காட்டினேன். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன், பொம்பளப் புள்ள கையில..." என்று ஆரம்பித்தார். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சம்பந்தி" என்றார் ராமலிங்கம் மாமா. மண்டபத்துக்கு வந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "தூங்கினது நான். அதுக்குப் பொண்ணை ஏன் திட்டறீங்க? இருபத்தாறு வருஷமா வண்டில போறேன். ஓடற வண்டியில கண்ணை மூடினதே கிடையாது. முன்னால ஓட்டறவன் மேல அவ்வளவு நம்பிக்கை வந்ததில்ல. இன்னிக்கு வந்துச்சு, மூடினேன். அவ்வளவுதான் விஷயம். தாலி கட்டற வேலையைப் பாப்போமா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், வேறு வழி இல்லாமல்தான் என்றாலும். நான் தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினேன்.

முகூர்த்தம் தவறவில்லை. மாலையில் மாமாவைத் தாம்பரத்தில் கொண்டுபோய் விட அப்பாவே சாவியை என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிரசவ வலி என்றாலும், பரீட்சை என்றாலும், ஏர்போர்ட் என்றாலும் கூப்பிடுவது என்னைத்தான். ஜப்பான்காரர்கள் செய்த வண்டிக்கும், கல்லை நிமிர்த்தி நட்ட சித்தப்பாவுக்கும், எட்டு நாற்பது வண்டியில் ஏறாமல் நின்ற மனிதருக்கும் நான் பட்ட கடன் அது.

போலீஸ்காரர் இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். போட்டோக்காரர் அவரையும் உறவு என்று நினைத்து மேடைக்கு இழுத்துவிட்டார். ஆல்பத்தில் குடும்பப் படம் என்று இருப்பது அது ஒன்றுதான். மணமக்களுக்குப் பக்கத்தில் தொப்பியோடு விறைப்பாகப் போலீஸ்காரர், அவருக்குப் பக்கத்தில் ராமலிங்கம் மாமா. ஃபிளாஷ் அடித்த நேரத்தில் மாமா கண்ணை மூடிவிட்டார். புதிதாக ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாரும், "இவர் என்ன, நின்னுக்கிட்டே தூங்கறாரா?" என்று கேட்பார்கள்.

அக்கா பக்கத்தைத் திருப்பிக்கொண்டே சொல்வாள்: "தூங்கல. வண்டி ஓட்டறார்."