ஆரோக்கியசாமி பின் ஸீட்டைத் திருத்திய கதை

உடைந்ததைப் பழுது பார்க்கிறவர்கள் உலகத்தில் உண்டு. அவர்கள் நன்றாக இருக்கட்டும். உடையாததைப் பழுது பார்க்கிறவர்கள் என்று இன்னொரு இனமும் உண்டு. இன்று உங்கள் முன்னால் வந்து நிற்கப்போவது அந்த இனம்தான்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒழுங்காக வேலை செய்கிற ஒரு பொருளை இவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். திருப்புவார்கள், காதோரம் வைத்து ஆட்டுவார்கள், நகத்தால் சுரண்டுவார்கள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றொன்றால் உற்றுப் பார்ப்பார்கள். பிறகு, "நல்லாத்தான் இருக்குது" என்பார்கள். அந்த இடத்திலேயே பொருளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுங்கள். மரியாதைக்காக நின்றீர்களோ, "ஆனா..." என்று அடுத்த வார்த்தை வரும். அந்த 'ஆனா' வந்த பிறகு உங்கள் பொருளை நீங்கள் பழைய உருவத்தில் பார்க்கப்போவதில்லை.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் தோல்களைத் தரம் பிரிக்கும் சூப்பரவைசர் ஆரோக்கியசாமி இந்த இனத்தில் முதல் தரம். வீட்டுக் கிணற்றுக் கப்பி கிரீச்சிடுகிறது என்று அவர் அதற்குப் புங்க எண்ணெய் ஊட்டிய ஊட்டில், கயிறும் குடமும் அவர் மனைவி சவுரியம்மாளின் கையிலிருந்து உருவிக்கொண்டு கிணற்றுக்குள் போய்ச் சேர்ந்தன. காபி வடிகட்டியின் துளைகள் சின்னவை என்று பெரிதாக்கியதில், அந்த வீட்டில் காபியைக் குடிப்பதோடு மெல்லவும் வேண்டியதாயிற்று. மாதா கோயில் ஆர்மோனியத்துக்குக் காற்று போதவில்லை என்று துருத்தியைத் திருத்தியதில், பிரசங்கம் முடிகிற வரைக்கும் அது ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. சாமியார் பொறுமைசாலி. அடுத்த ஞாயிறு ஆர்மோனியப் பெட்டியில் பூட்டுத் தொங்கியது.

இவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் தோல் ஏஜெண்டிடம் வாங்கியது. அதுதான் அவருடைய உயிர் என்று ஊரில் சொல்வார்கள். ஊருக்கு என்ன தெரியும்? அவருடைய உயிர் அதன் பின் ஸீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சவுரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் தோளில் ஒரு கையை வைப்பாள். பஜார் முழுக்கக் கடையை விட்டு எட்டிப் பார்க்கும். பெண்சாதியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிற ஆண்பிள்ளை ஆம்பூரில் அவர் ஒருவர்தான். அந்தக் கை தோளில் இருக்கிற கொஞ்ச நேரத்துக்காகவே அவர் வாரம் முழுவதும் தோல் நாற்றத்தில் நின்றார். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வண்டியில் முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங் உண்டு. பின் சக்கரத்துக்குக் கிடையாது. இந்த மாதிரி வண்டிகள் பலவும் அப்படித்தான். அதனால் ரோட்டிலுள்ள பள்ளமெல்லாம் நேராக வந்து சவுரியம்மாளின் இடுப்பைத்தான் விசாரித்தன. அவள் கெட்டிக்காரி. ஒரு ஜமக்காளத்தை நாலாக மடித்து ஸீட்டின்மேல் போட்டுக் கயிற்றால் கட்டினாள். இடுப்பு பிழைத்தது.

ஆரோக்கியசாமி அந்த ஜமக்காளத்தை அமுக்கிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது, சவுரி. ஆனா..."

"இன்னாங்க ஆனா? ஒண்ணும் வேணாம். எனக்கு இதுவே போதும்."

"ஜமக்காளம் பழைய காலத்து வேலை. ஸ்பிரிங் வெச்சி, அதுக்கு ஒரு ஷாக் அப்சார்பர் போட்டுட்டம்னு வெச்சிக்கோ, நீ ஊஞ்சல்ல உக்காந்தாப்பல வேலூர் போலாம்."

வேலூர்ப் பயணம் ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. சவுரியம்மாளின் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம், குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டிய ஞானத்தாய் அவள்தான். அவள் ஜமக்காளத்தையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள்.

"சரி, பண்ணுங்க. ஆனா ஒண்ணு. எங்க அம்மா வூட்டு வாசல்ல நான் இடுப்பைப் புடிச்சிக்கினு எறங்கினேன்னா, அதோட சரி. இனிமே ஜென்மத்துக்கும் இந்த வண்டியில ஏற மாட்டேன். மாதா மேல சத்தியம்."

அந்த வார்த்தையைக் கேட்டபின் வேறு யாராக இருந்தாலும் ஜமக்காளத்துக்கு இன்னொரு முடிச்சுப் போட்டிருப்பார்கள். அவரோ அன்று மாலையே வேலூருக்கு வண்டியை விட்டார்.

வேலூரில் காயலான் கடை வைத்திருந்தவர் கவுஸ் பாஷா. செத்துப்போன வண்டிகளையெல்லாம் பிரித்துப் போட்டு விற்கிறவர். எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லாத மனுஷர். கேட்டது இல்லாவிட்டால் கேட்காததைக் கொடுத்து அனுப்புவார். குவியலுக்குள் கையை விட்டு, கத்தரிக்கோலைப் போல இரண்டு இரும்புக் கைகள் கொண்ட சாமான் ஒன்றை அவர் வெளியே இழுத்தார்.

"பாத்துக்கோ தோஸ்த். ஒரு ஜமீன்தார் காரோட ஷாக்கு. காரு பாலாத்துல கவுந்துச்சி, ஜமீன்தார் கவுந்தாரு, இது மட்டும் ஒண்ணும் ஆவல."

"அப்போ காரு ஏன் கவுந்துச்சி?"

"அதை நீ டிரைவரைத்தான் கேக்கணும். ஷாக்கை ஏன் கேக்கற? பேஜார் பண்ணாத, எடுத்துக்கினு போ."

அந்தச் சாமானின் சூட்சுமம் இவ்வளவுதான். இரண்டு இரும்புக் கைகளும் சேருகிற மூட்டில் தட்டையான இரும்பு வில்லைகள். வில்லைகளுக்கு நடுவில் தோல் வட்டங்கள். எல்லாவற்றையும் சேர்த்து இறுக்க ஒரு திருகு. ஸ்பிரிங் துள்ளப் பார்க்கும்போது, மூட்டிலுள்ள தோல் இரும்பைக் கவ்விக்கொண்டு "எங்கே போகிறாய், உட்கார்" என்று அடக்கும். தோல் கவ்வ வேண்டும். ஷாக் அப்சார்பருக்கு வேறு உத்தியோகம் கிடையாது.

வீட்டுக்கு வந்து ஆரோக்கியசாமி மூட்டைப் பிரித்தார். உள்ளே இருந்த தோல் வட்டங்களைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது. காய்ந்து, கருத்து, சொரசொரவென்று இருந்தன. ஆம்பூர்க்காரர் கையில் ஒரு தோல் துண்டு அகப்பட்டால் என்ன செய்வார்? மடிப்பார், மோந்து பார்ப்பார், கட்டை விரலால் அழுத்துவார், கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். ஆரோக்கியசாமியும் தேய்த்தார். கன்னம் எரிந்தது.

"எந்த முட்டாள் பதம் பண்ணான் இதை? ஜமீன்தார் காராம்! தோலா இது? ஓட்டாஞ்சில்லு!"

மறுநாள் தோல் ஷாப்பில் அவருக்குச் சொந்த வேலைதான். ஆயிரம் தோல்களைத் தள்ளிவிட்டு ஆவாரம்பட்டையில் ஊறிய அருமையான கன்றுத்தோல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வட்டமாக வெட்டி, எண்ணெய் போடும் இடத்துக்குக் கொண்டுபோய், புங்க எண்ணெயைத் தடவித் தேய்த்து, ஊறவிட்டு, மறுபடியும் தடவி, கண்ணாடிக் கட்டையால் பளபளவென்று மெருகேற்றினார். எண்ணெய் போடும் துரைசாமி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "வெண்ணெ மாதிரி வழுக்குதுங்க, சார்!" என்று பரவசப்பட்டான். மொத்த ஷாப்பும் அந்த வட்டங்களைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து மகிழ்ந்தது. கவ்வ வேண்டிய தோல் வழுக்கலாமா என்று கேட்க அங்கே ஓர் ஆத்மா இல்லை. வழுக்குகிற தோலைச் செய்துதானே அந்த ஊர் பேர் வாங்கியிருந்தது!

ஜட்கா வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு முரட்டு ஸ்பிரிங்குகளைப் பின் ஸீட்டுக்கு அடியில் நிறுத்தி, ஷாக்கையும் மாட்டி, ஜமக்காளத்தைக் கழற்றி எறிந்தார். ஸீட்டை ஒரு விரலால் அமுக்கினார். இறங்கியது. விரலை எடுத்தார். சத்தமில்லாமல் ஏறியது.

"பாத்தியா சவுரி! எதுவுமே தடுக்கல!"

தடுக்கத்தான் அதை வாங்கினோம் என்பது அவருக்கு நினைவில்லை.

ஞானஸ்நானத்தன்று காலையில் சவுரியம்மாள் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, குழந்தைக்குத் தைத்த வெள்ளை அங்கியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். அவர் தோளில் கையை வைத்தாள். பஜார் எட்டிப் பார்த்தது. ஊர் எல்லை வரைக்கும் ஊஞ்சல்தான்.

பிறகு முதல் பள்ளம் வந்தது. ஸீட்டு கீழே போயிற்று, மேலே வந்தது. மேலே வந்தது நிற்காமல் இன்னும் மேலே போயிற்று. மறுபடி கீழே போனபோது அடுத்த பள்ளம் வந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு பள்ளத்துக்கு ஒரு அடிதான். இப்போது ஒரு பள்ளத்தின் கணக்கு தீருவதற்குள் நாலு பள்ளம் சேர்ந்துவிட்டது. பூ அவிழ்ந்தது. கொண்டை அவிழ்ந்தது.

"மெதுவாங்க! மெதுவா!"

"மெதுவாப் போனா ஷாக்கு வேலை செய்யாது, சவுரி! கொஞ்சம் ஸ்பீடு குடுத்தாத்தான் தெரியும்!"

ஸ்பீடு கொடுத்தார். தெரிந்தது. பாதி வழியில், பள்ளிகொண்டாவுக்குச் சற்று முன்னால், தோளில் இருந்த கை கழுத்தை நெரிக்க ஆரம்பித்ததும் வண்டியை நிறுத்தினார். அவள் இறங்கி, ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் அம்மா வீட்டு வாசல் வரவில்லை. வண்டியில் ஜமக்காளம் இருந்திருந்தால் அந்த நிமிஷத்தில்கூட எல்லாம் சரியாகியிருக்கும்.

ஆரோக்கியசாமி தலைப்பாகையைக் கழற்றி ரோட்டில் விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டார். இவ்வினத்தார் படுத்துவிட்டால் எழுந்திருக்க மாட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் வெளியே கால்கள் மட்டும்தான் தெரியும்.

"திருகு லூஸா இருக்குது, அவ்ளோதான்" என்று சவுரியம்மாளின் கால்களிடம் சொன்னார். திருகை இறுக்கினார். "இல்ல, திருகு இல்ல. இரு, பிரிச்சிப் பாத்துடறேன்." பஸ் ஒன்று வந்து நின்று போகிற சத்தம் கேட்டது, அவர் மூட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து எண்ணெய் அவர் மூக்கின்மேல் சொட்டியது. விரலால் தொட்டார், மோந்து பார்த்தார். சட்டென்று எல்லாம் விளங்கிற்று. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"சவுரி! எண்ணெய்தான் கோளாறு! தோல் வறண்டு இருக்கணும்! சொரசொரன்னு இருக்கணும்! அந்த ஜமீன்தார் தோலுதான் சரி!"

"சரிதாங்க, சாமி" என்று கால்கள் ஆண் குரலில் பதில் சொல்லின.

அவர் தலையை வெளியே நீட்டினார். அணைக்கட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர், கையில் கயிறும் கயிற்றில் ஆடுமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா பஸ் ஏறிட்டாங்க. எழுந்து வந்தாச் சொல்லச் சொன்னாங்க."

ஞானஸ்நானம் நன்றாக நடந்தது. ஞானத்தாய் இடுப்பைப் பிடிக்காமல் பஸ்ஸிலிருந்து நிமிர்ந்து இறங்கினாளாம். ஆரோக்கியசாமி போய்ச் சேர்ந்தபோது விருந்தே முடிந்துவிட்டது. அவள் கோபிக்காமல் இலை போட்டுச் சோறு வைத்தாள். வாசல் வரைக்கும் காத்திராமல் புளியமரத்தடியிலேயே பலித்துவிட்ட சத்தியத்தை மட்டும் காப்பாற்றினாள்.

அவர் பழைய சொரசொரத் தோலையே மறுபடி வைத்து மூட்டினார். என்ன அதிசயம்! இன்று ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் அந்தப் பின் ஸீட்டில் நிரம்பிய பால் சொம்பை வைத்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாது. அதில் தினமும் ஓர் ஆட்டுத்தோல் கட்டு ராஜாவைப் போல அசையாமல் போய் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சவுரியம்மாள் ஜட்காவில் போகிறாள். பஜாரில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வண்டியை ஓட்டும்போது ஆரோக்கியசாமி சில சமயம் தோளை ஒரு பக்கம் தாழ்த்திக்கொள்கிறார், பழக்கம். பார்க்கிற நமக்கு மனசு வலிக்கிறது. போன வாரம் அந்த ஜட்காவைச் சுற்றி வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஜட்காக்காரன் கும்பிட்டு, குதிரையைத் தட்டி விட்டான்.

நல்ல வேடிக்கை மனுஷர் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், கன்றுத்தோலுக்குப் பதிலாக வேறு ஏதாவது வைத்துப் பார்த்திருக்கலாமே என்று நடுவில் ஒரு யோசனை உங்களுக்கு ஓடியதா இல்லையா? "கதை நல்லாத்தான் இருக்குது, ஆனா..." என்று இப்போது வாயைத் திறந்தீர்களா இல்லையா? தாராளமாகத் திருத்துங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பி, பின் ஸீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.