தாகத்தை ஈடு வைத்த தெரு

நிலத்தடி நீரைப் பெருக்கவும் குடிநீர்க் குழாய்களைச் சீரமைக்கவும் நகர நிர்வாகம் பொதுமக்களிடமே கடன் திரட்ட முடிவு செய்தது. கடன் கொடுத்தவருக்குப் பத்திரம் உண்டு, வட்டி உண்டு. தண்ணீர் இல்லாதவன் தன் தண்ணீருக்குத் தானே கடன் கொடுத்து, அதற்கான வட்டியைத் தான் கட்டும் வரியிலிருந்தே பெற்றுக்கொள்வது மக்களாட்சியின் உன்னத நிலை என்று விளம்பரத்தில் அச்சிட்டிருந்தார்கள். மறுக்க முடியவில்லை.

கடன் என்றால் ஈடு வேண்டும். நிர்வாகத்திடம் என்ன இருந்தது? ஏரி எப்போதோ வீட்டுமனையாகிவிட்டது. அலுவலகக் கட்டடம் வேறொரு கடனில் மாட்டியிருந்தது. ஆழ்ந்த ஆலோசனைக்குப் பிறகு மக்களின் தாகத்தையே ஈடாக வைத்தார்கள். தாகம் அழியாதது, ஆண்டுக்காண்டு வளர்வது, பராமரிப்புச் செலவு இல்லாதது.

தரம் பார்க்க வந்த நிபுணர்கள் எங்கள் தெருக் குழாயைத் திறந்தார்கள். காற்று வந்தது. "பிரமாதம்!" என்று குறித்துக்கொண்டார்கள். நகரிலேயே மிக வறண்ட தெரு என்ற முதல்தரச் சான்று எங்களுக்குத்தான் கிடைத்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் வயிறெரிந்தார்கள். பத்திரத்தின் விலை ஏறியது. நகையை விற்று மேலும் வாங்கினோம். கொஞ்சம் வசதியான வீடுகளில், பின்னால் இணைப்பே இல்லாத பித்தளைக் குழாய் ஒன்றைக் கூடத்துச் சுவரில் பதித்துக்கொள்ளும் நாகரிகம் பிறந்தது. வந்த விருந்தாளி அதைத் திறந்து பார்த்து, ஒன்றும் வராததை மெச்ச வேண்டும்.

பத்திரம் வாங்காதவர் சலவைக்கடை அக்கா ஒருவர்தான். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கித் துவைத்து மகளைப் படிக்கவைப்பவருக்கு முதலீடு செய்ய என்ன மிஞ்சும்? அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு பாழுங்கிணறு கிடந்தது. ஒரு நாள் அதில், எந்த அனுமதியும் பெறாமல், தண்ணீர் ஊறிவிட்டது.

விஷயத்தை வெளியே கொண்டுவந்தது ஒரு சட்டை. நிலத்தடி நீர் அதிகாரி வெளுக்கப் போட்டிருந்த சட்டை, காலரில் அழுக்கில்லாமல் திரும்பி வந்தது. சந்தேகம் கொண்ட அதிகாரி நேரே கடைக்கு வந்தார்.

"இதை எதுலம்மா துவைச்சீங்க?"

"தண்ணியிலதான் சார்."

"எந்தத் தண்ணி?"

"நம்ம கிணத்துத் தண்ணி."

"உங்க கிணத்துல தண்ணி கிடையாதும்மா."

"இருக்கு சார். வந்து பாருங்க."

"பார்த்து என்ன செய்ய? இந்தத் தெருவுல தண்ணி இல்லைன்னு பத்திரத்துலயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

அக்கா அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போய், கிணற்றில் வாளியை இறக்கி, நிரப்பி, அவர் முன்னால் வைத்தார். அதிகாரி விரலை விட்டுப் பார்த்தார். விரல் நனைந்தது. "உறுதி செய்யப்படாத திரவம்" என்று முடிவு செய்து, அங்கேயே தெருக் கூட்டத்தைக் கூட்டினார்.

அப்போது தெருவே அந்தக் கொல்லையில்தான் இருந்தது. ஆளுக்கொரு குடம். அதிகாரி பொறுமையாக விளக்கினார்: இங்கே தண்ணீர் இருப்பது வெளியே தெரிந்தால் தாகம் குறையும். தாகம் குறைந்தால் ஈடு குறையும். ஈடு குறைந்தால் உங்கள் பத்திரம் வெறும் காகிதம்.

குடத்தில் பாதி நிரப்பியிருந்த தையல்காரர், நிரப்பியதைச் சத்தமில்லாமல் கிணற்றிலேயே திருப்பி ஊற்றினார்.

அடுத்து முழக்கம் அண்ணன் எழுந்தார். தண்ணீருக்காக வாழ்நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவர், அதனால் அந்தப் பேர். "மூடு! மூடு! கிணற்றை மூடு!" என்று கையை உயர்த்தினார். தெரு எதிரொலித்தது. கத்திக் கத்தித் தொண்டை வறண்டபோது அக்காவின் வாளியிலேயே ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி கத்தினோம்.

"ஏண்ணே, தண்ணி கேட்டு ஜெயிலுக்குப் போனவர்தானே நீங்க?" என்றார் அக்கா.

"போனேன்மா. அது உரிமைப் போராட்டம். இது முதலீட்டுப் போராட்டம்."

"ரெண்டுலயும் எனக்குத்தானே தண்ணி இல்ல? எம்பொண்ணு படிப்பே இந்தக் கொடியில காயிற துணியிலதான்ணே இருக்கு. இதை மூடிட்டு நான் எதுல துவைக்க?"

"திட்டம் முடிஞ்சதும் குழாயில தண்ணி வரும்" என்றார் அதிகாரி.

"திட்டம் எப்ப சார் முடியும்?"

"தாகம் இருக்கிற வரைக்கும் நடக்கும்மா. கவலையே படாதீங்க."

கிணற்றின் வாயை மூட, சிமெண்ட் குழைக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. தெருவில் வேறெங்கும் இல்லாததால் அந்தக் கிணற்றிலிருந்தே இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறிய அந்தத் திமிரைப் பார்த்து அதிகாரிக்கே கோபம் வந்தது.

நிர்வாகம் நன்றி மறந்ததல்ல. கிணற்றுக்கு நஷ்டஈடாக அக்காவுக்குப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. முதலில் அவற்றை வாசலில் விட்டெறிந்தார். மகள் பொறுக்கி உள்ளே வைத்தாள். கிணறு மூடிய செய்தி பரவியதும் விலை ஏறியது. கல்லூரிக் கட்டணம் கட்டும் நாள் வந்தபோது, அக்கா ஒன்றை விற்றார். கையில் வந்ததைப் பார்த்தார். மிச்சப் பத்திரங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு நாள், முழக்கம் அண்ணன் வீட்டுச் சுவரின் அடியில் ஈரம் கசிவதை அக்கா கண்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார். அங்கே முழக்கம் அண்ணன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். அக்கா வீட்டுக் கிணற்று மூடி வியர்ப்பதாகப் புகார் கொடுக்க வந்திருந்தார்.

"வாம்மா" என்றார் அவர்.

"என்னண்ணே, சீக்கிரமே வந்துட்டீங்க?" என்றார் அக்கா.

அண்ணனுக்கு முன்னால் தையல்காரர். அவருக்கும் முன்னால் பால்காரர், வாத்தியார், அந்த வாத்தியாரைப் பற்றிப் புகார் சொல்ல வந்த அவருடைய மச்சான். தண்ணீர் லாரிக்கு நின்ற அதே வரிசை, அதே இடி, அதே ஏச்சு. எல்லோருக்கும் இடமிருக்கிறது. பின்னால் வந்து சேர்ந்த நீங்கள் மட்டும் கொஞ்சம் தள்ளாமல் நிற்க வேண்டும்.